முகக்கவரியும் அடுக்குக் கட்டிலும்: கிள்ளான் தரும் சான்று

மலேசியாவில் 2020 ஆகஸ்டு 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான பொது இடங்களிலும் முகக்கவரி கட்டாயமானது. மீறினால் 1,000 ரிங்கிட் அபராதம். நகரப் பகுதிகளில் அப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,200 ரிங்கிட்தான். கிள்ளானின் பண்டமாரான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. அப்படியும் நவம்பரில் கிள்ளான் பெரும் தொற்று மையமாயிற்று. சட்டம் வந்த பிறகுதான் தொற்று ஏறியது, ஆகவே கவரியால் பயனில்லை என்று வாதிடுவோருக்கு இது கைக்கெட்டிய சான்று.

அந்தத் தொற்று எங்கே பரவியது என்று கேட்டால் வாதம் தளர்கிறது. நவம்பர் 24 அன்று நாடு முழுவதும் பதிவான 2,188 பேரில் பெரும்பகுதியினர், டாப் கிளவ் கையுறை ஆலைகளை ஒட்டிய தெராத்தாய் கிளஸ்டரைச் சேர்ந்தவர்கள். முந்தைய நாள்தான் அந்நிறுவனத்தின் 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூட அரசு முடிவெடுத்திருந்தது. உலக மருத்துவமனைகளுக்குக் கையுறை செய்தவர்களில் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நெருக்கமான விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். உறங்கும்போதும் உண்ணும்போதும் யாரும் கவரி அணிவதில்லை. அபராதப் புத்தகமும் அடுக்குக் கட்டில் வரை போவதில்லை. அங்கே பேச வேண்டிய சட்டம், தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆய்வுகளையும் இதே கேள்வியோடுதான் படிக்க வேண்டும். டென்மார்க்கில் சுமார் 6,000 பேரிடம் நடந்த சோதனையில், கவரி அணியப் பரிந்துரைக்கப்பட்டோரில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று கண்டது. அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல. ஆனால் சுற்றியிருந்த பெரும்பாலோர் கவரி அணியாத காலம் அது. அணிந்தவரிடமிருந்து பிறருக்குத் தொற்று குறைகிறதா என்பதை அந்தச் சோதனை அளக்கவேயில்லை. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த சோதனை ஊரையே அலகாகக் கொண்டது. கவரிப் பயன்பாடு 13 விழுக்காட்டிலிருந்து 42க்கு உயர்ந்தபோது, அறிகுறியோடு உறுதியான தொற்று ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. அறுவைக் கவரி பெற்ற கிராமங்களில், 60 வயதைக் கடந்தோரிடம் குறைவு 35 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோர் அணியாத நிலையில் கிடைத்த பலன் இது. 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, கவரியைப் பரிந்துரைப்பதால் சமூக அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றது. 'கவரி பயன் தராது' என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு என அதன் தலைமை ஆசிரியரே பின்னர் விளக்க நேர்ந்தது.

பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910–11 மஞ்சூரியக் கொள்ளைநோயின்போது பஞ்சும் துணியும் அடுக்கிய கவரியை வலியுறுத்தினார். நோய் காற்றுவழிப் பரவுவதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி கவரியின்றி நோயாளிகளைப் பார்த்து, அந்நோயிலேயே இறந்தார். அந்நோயை உண்டாக்கியது பாக்டீரியா, வைரசு அல்ல. ஆகவே இந்தக் கதையைக் கோவிட் வாதத்துக்கு நேர்ச்சான்றாக நீட்டுவது முறையாகாது. ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு: வூ கவரியை மட்டும் நம்பவில்லை. தனிமைப்படுத்தலும் பயணத் தடையும் உடனிருந்தன.

என் கணிப்பில் கவரியின் பலன் உண்மையானது, அளவில் மிதமானது. காற்றோட்டமற்ற கூட்டத்தில்தான் அது பெரிதும் உதவும். மலேசிய விதியோ திறந்தவெளியில் 2022 ஏப்ரல் இறுதிவரை நீடித்தது. அதற்குச் சான்று மெலிது. பொதுப் போக்குவரத்தில் 2023 ஜூலை வரை வைத்திருந்ததற்குச் சான்று வலிது. விடுதியிலிருந்து ஆலைக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்தையும் இந்த இரண்டாம் வகையில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அதில் வருவோர் இரவில் ஒரே அறைக்குத் திரும்பும்வரை, பேருந்தில் மிச்சமாகும் பாதுகாப்பு அறையில் கரைந்துவிடும்.