ஈயம் பூசுறவரும் செவர்லே இன்ஜினும்

பழைய கார் இன்ஜின்ல அடியில இருந்து 'டொக்... டொக்'னு சத்தம் வந்தா, பேரிங் தேஞ்சிருக்கான்னு முதல்ல பார்ப்பாங்க. இன்னிக்கு இது பழகின வேலை. கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங் பண்ணி, 10, 20, 30 தௌ (ஆயிரத்துல ஒரு பங்கு அங்குலம்தான் ஒரு தௌ) அண்டர்சைஸ் ஷெல் பேரிங் வாங்கி மாட்டினா முடிஞ்சது. ஆனா ஒரு காலத்துல பேரிங்கை கடையில வாங்க முடியாது மக்களே, பட்டறையிலேயே உருக்கி ஊத்தணும்!

ஃபோர்டு மாடல்-டி (1908-1927) இன்ஜின்ல அப்படித்தான். செவர்லே ஆறு சிலிண்டர்ல 1950-களின் தொடக்கம் வரைக்கும் கனெக்டிங் ராடுக்கு இதே கதைதான். ஊத்துறது ஒயிட் மெட்டல். அமெரிக்காவுல ஐசக் பாபிட் 1839-ல காப்புரிமை வாங்கின பேரிங்கோட சேர்ந்து வந்தது. பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. மெத்துன்னு இருக்கும். எண்ணெய் வத்தினா தான் உருகி, ஷாஃப்ட்டைக் காப்பாத்தும். விழுப்புரம் ஜங்ஷன்காரங்களுக்கு இது புதுசில்ல. பழைய கூட்ஸ் வேகன் அச்சுலயும் இதே உலோகம்தான். அது சூடேறினா 'ஹாட் ஆக்சில்'.

விழுப்புரத்து நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய செவர்லே ராடுகளைத் தூக்கிக்கிட்டு திண்டிவனம் லேத் பட்டறைக்குப் போனார், நானும் ஒட்டிக்கிட்டேன். அங்க இருந்த பெரியவர் பழசை உருக்கி எடுத்தார். ராடைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டு மெல்லிசா ஈயம் பூசினார். அட, தெருவுல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்களே, அதே வித்தை! இந்தப் பூச்சு சரியில்லைன்னா ஊத்தினது பெயர்ந்து வந்துடுமாம். அப்புறம் அச்சு வச்சு, களிமண்ணால அடைச்சு, ஒரே மூச்சுல ஊத்தினார். ஆறினதும் லேத்துல குடைஞ்சு, நீல மை தடவி, ஒட்டுற இடத்தை மட்டும் சுரண்டினார். ரெண்டு அங்குல ஷாஃப்ட்டுக்கு இடைவெளி சுமார் ரெண்டு தௌ. பின்னால தேஞ்சா மூடிக்கு நடுவுல ஒரு ஷிம் தகட்டை உருவி முடுக்கிக்கலாம்.

1930-கள்ல ஷெல் பேரிங் பரவ ஆரம்பிச்சது. நம்ம கோயம்புத்தூர்லயே 1961-ல பைமெட்டல் பேரிங்ஸ் கம்பெனி வந்தாச்சு. வேலை சுலபமாச்சு, இன்ஜின் ஆயுசும் கூடுச்சு, மறுக்கல. ஆனா ஷெல் கிடைக்கிற அளவுக்குள்ள நம்ம ஷாஃப்ட் அடங்கணும். ஊத்துறவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, எந்த அளவா இருந்தாலும் குடைஞ்சு கொடுப்பார்.

பெரியவர்கிட்ட இப்ப இதைக் கத்துக்க ஆள் இல்ல. அவருக்குப் பிறகு, பெயிண்ட் பளபளக்க நிக்கிற எத்தனை வண்டி ஓடும்? உங்க ஊர்ல பேரிங் ஊத்துறவர் யாராவது இருக்காங்களா? இருந்தா ஒரு எட்டு போய்ப் பார்த்து, எப்படிச் செய்யறார்னு எழுதி வைங்க.