பெயர் இல்லாமல் வந்த புத்தகம்

பிராங்கன்ஸ்டைன் என்றதும் நம்மில் பலருக்கு நெற்றியில் தையல் போட்ட அந்தப் பூதம்தான் ஞாபகம் வரும். ஹாஸ்டல் மெஸ் உப்புமாவுக்கே அந்தப் பெயரை வைத்தவர்கள் நாம்! உண்மையில் அது பூதத்தின் பெயர் அல்ல. அதைச் செய்த மாணவன் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது.

நான் இந்தக் கதையை முதலில் படித்தது எங்க ஊர் ஓட்டப்பிடாரத்தில், பிளஸ் டூ லீவில், 'பிரேத மனிதன்' என்ற தலைப்பில். தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன், வெளிவந்தது 1943-ல். எங்க ஊர் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய 1906-ல் பிறந்தவர், நெல்லை இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். 'காஞ்சனை' என்ற பேய்க்கதையை அவர் 'கலைமகள்' பத்திரிகையில் எழுதியதும் அதே 1943-ல்தான். பிறர் கதையைத் தழுவித் தன் பெயரில் போட்டுக்கொள்வதை அவர் கடுமையாக எதிர்த்தார். மொழிபெயர்த்தால் மூல ஆசிரியர் பெயரைச் சொல் என்பது அவர் கட்சி.

ஆனால் அந்த மூல ஆசிரியருக்கே தன் பெயரைப் போட ஐந்து வருஷம் ஆயிற்று.

1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலால் மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் பேய்க்கதை படித்துப் பொழுது போக்கினார்கள். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். எழுதி முடித்தவர்களில் ஒருத்தி மேரி, வயது 18! இன்னொருவர் பைரனின் டாக்டர் பாலிடோரி. அவருடைய 'வாம்பயர்' குறுநாவல் 1819-ல் ஒரு பத்திரிகையில் வந்தது, பைரன் பெயரில்! நான் எழுதலை என்று பைரனும், நான்தான் எழுதினேன் என்று பாலிடோரியும் மறுப்பு விட வேண்டியதாயிற்று.

மேரியின் கைப்பிரதியை பைரனின் பதிப்பாளர் முர்ரே திருப்பிவிட்டார். கடைசியில் லாக்கிங்டன் கம்பெனி 1818 ஜனவரியில் மூன்று பாகமாக 500 பிரதி போட்டது. ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை எழுதியவர் கணவர் ஷெல்லி. அதனால் நாவலும் அவருடையதே என்று வால்டர் ஸ்காட் போன்றவர்களே நினைத்தார்கள். 1823-ல் கதை நாடகமாகி லண்டனில் பேசப்பட்டது. அந்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரி ஷெல்லி என்று அச்சானது. 1831-ல் திருத்திய பதிப்புக்கு அவரே முன்னுரை எழுதி, கதை பிறந்த விதத்தைச் சொன்னார்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது எனக்கு நம் சிம்போசியம் மலர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் புராஜெக்ட் டீமில் நாலு பேர். சர்க்யூட்டில் பாதிக்கு மேல் செய்தது அந்தத் தோழி. அச்சில் வந்தது எங்கள் மூணு பேர் பெயர் மட்டும். டி.டி.பி. தப்புதான், ஆனா பார்த்த பிறகும் நாங்க யாரும் வாய் திறக்கலை. அவளும் கேட்கலை. அந்தப் பேப்பர் இன்னும் என் பயோடேட்டாவில் இருக்கிறது.

மலர் பிரதி ஒன்று என்னிடம் உண்டு. ரீயூனியனுக்கு எடுத்து வருகிறேன். நாலாவது பெயரைப் பேனாவால் எழுதியாயிற்று. கையெழுத்துப் போட மற்ற இரண்டு பேரும் வந்து சேரணும்.