அஞ்சடியும் மாடிக் குடித்தனமும்

பினாங்கு போயிருந்தப்ப ஜார்ஜ் டவுன் சூலியா தெருவுல திடீர்னு நல்ல மழை. ஓடிப்போய் ஒரு கடை வாசல்ல ஒதுங்கினேன். அப்புறம்தான் கவனிச்சேன், ஒதுங்கவே வேண்டியதில்ல! கடைக்குக் கடை கூரை தொடருது, நனையாம நடந்துக்கிட்டே இருக்கலாம். அஞ்சடின்னு பேரு. மலாய்ல 'காக்கி லீமா', அதே அர்த்தம்தான்.

பார்க்க நம்ம திண்ணை மாதிரி. ஆனா திண்ணையில உட்கார வீட்டுக்காரர் மனசு வைக்கணும். இங்கே இடம் கடைக்காரருது, நடக்குற உரிமை ஊருக்கு! பக்கத்துல சிங்கப்பூருக்கு 1822-ல நகரத் திட்டம் போட்டப்பவே, வீட்டு முன்னால எப்பவும் திறந்திருக்குற, கூரை போட்ட நடைவழி தொடர்ச்சியா இருக்கணும்னு ராஃபிள்ஸ் சொல்லிட்டார். கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா? அங்கேயே சரக்கை அடுக்கினாங்க. 1888-ல நகராட்சி அதை அப்புறப்படுத்தக் கிளம்ப, சிங்கப்பூர்ல கலவரமே வந்துடுச்சு :-)

கடைவீட்டுக்கு முகப்பு குறுகல், உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீளம். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டோட பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்ல. அதனால நடுவுல வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காத்தும் அது வழியாத்தான். கீழே வியாபாரம், மாடியில குடித்தனம். செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை வெளியே விட்டுடும். அதுமேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே தங்கி சுவர் கெட்டுப்போகும்.

இவ்வளவு பழசெல்லாம் இடிபடாம எப்படித் தப்பிச்சது? 1948 ஜனவரிக்குள்ள கட்டின கட்டிடங்களுக்கு வாடகையை ஏற விடாம, குடியிருந்தவங்களைக் கிளப்ப முடியாம வச்சிருந்தது மலேசியாவோட 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்தக்காரங்க இடிக்கவும் முடியல, பழுதுபார்க்க மனசும் வரல. 2000-ம் வருஷம் ஜனவரி 1-ல சட்டம் முடிஞ்சுது. வாடகை எகிறிடுச்சு, தலைமுறையா இருந்த பல குடும்பங்கள் மூட்டை கட்டினாங்க. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜார்ஜ் டவுன் பேரு வந்தப்ப, அவங்கள்ல நிறைய பேர் அங்கே இல்ல.

நான் ஒதுங்கின கடைக்கு மேலயும் இப்போ விடுதிதான். முற்றத்தை அழகாப் பழுதுபார்த்து வச்சிருக்காங்க, குறையே சொல்ல முடியாது. ஆனா கொடியில ஒரு துணி இல்ல, அடுப்புப்புகை இல்ல. மாடியில குடித்தனம் போயிட்டா கடைவீட்டுல மிச்சம் கடை மட்டும்தானே?

அஞ்சடி மட்டும் இன்னும் ஊருக்குத்தான். மழை விடுற வரைக்கும் அதுலயே நடந்தேன்.