கார்த்திகைப் பொரியும் பனை நெருப்பும்

சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கச்சேரி சாலைக்குள் திரும்பி மேற்கே நடந்தால், கால் மணி நேரத்தில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகள் வந்துவிடும். திருக்கார்த்திகை நெருங்கும்போது அந்த வீதிகளின் ஓரமெல்லாம் அகல் விளக்குகள் குவிந்திருக்கும். பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக நெல் பொரியும் அவல் பொரியும் விற்பனைக்கு வந்திருக்கும். தீபத்தன்று இரவு சிவன் கோயில்களின் முன்னே பனைமரத் துண்டு ஒன்றை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலையைக் கட்டி நெருப்பு வைப்பார்கள். இந்தச் சொக்கப்பனை சடசடவென்று எரிந்து முடியும்வரை கூட்டம் அசையாது. பிறகு வீட்டுக்குப் போய்ப் பொரியும் அப்பமும் அடையும் சாப்பிடுவார்கள்.

ஊர்கூடி மூட்டும் நெருப்பும் அதன்பின் உண்ணும் சூடான பண்டங்களும் ஒன்றுக்கொன்று ஏற்ற துணை. மழைக்காலம், புது நெல், பனை ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த இரவை உருவாக்கியிருக்கின்றன. சென்னை இவற்றில் முதல் இரண்டைக் காப்பாற்றிவிட்டது. மூன்றாவதைக் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த விழாவின் பழமைக்குச் சங்க இலக்கியமே சாட்சி. அகநானூற்றின் 141-ஆம் பாடலில் நக்கீரர் காட்டும் காட்சி இது: மழை ஓய்ந்த வானம், முழுநிலவோடு கார்த்திகை மீன்கள் சேரும் நள்ளிரவு, தெருவெங்கும் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் கூடிக் கொண்டாடும் விழா. அந்த நாளில் தன்னோடு இருக்கத் தலைவன் வந்துவிட வேண்டும் என்பது தலைவியின் ஏக்கம். அதே பாடல் சோழனின் இடையாறு என்ற ஊரைச் சொல்லும்போது சமையற்கட்டுக்குள்ளும் நுழைகிறது. புதுமணப்பெண் வந்திருக்கும் வீட்டில் அடுப்பில் பால் உலை ஏறியிருக்கிறது. இளம்பெண்கள் நெற்கதிரை முறித்துப் பச்சை அவல் இடிக்கிறார்கள். உலக்கைச் சத்தத்துக்கு அஞ்சிய வெண்ணாரை ஒன்று வாழையை விட்டு மாமரத்துக்குப் பறந்து போகிறது. விளக்கும் அவலும் ஒரே பாட்டில் இடம்பெறுவது ஆச்சரியமில்லை. மழை முடிந்து புது நெல் வீட்டுக்கு வரும் பருவம் அது.

மயிலாப்பூருக்கு என்று தனிச் சாட்சியும் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த திருஞானசம்பந்தர், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை உயிர்ப்பித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் ஊரின் திருவிழா நாட்காட்டி போலவே அமைந்திருக்கிறது. அடியார்களுக்கு அமுது படைப்பதில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாத வரிசையில் செல்கிறது. இவற்றையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று இறந்த பெண்ணைக் கேட்கிறது. வாழ்வின் மேல் ஆசையூட்ட ஊர்ச்சோறும் தெருவிளக்கும் போதும் என்று நம்பிய பதிகம் அது.

சம்பந்தர் கண்ட கோயில் இப்போதைய இடத்தில் இல்லை. அது கடற்கரையில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் சாந்தோமில் குடியேறிய பின் அழிந்தது. இன்றைய கோயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பின்னாளில் எழுந்தது. பழைய கரையோரத்தில் இன்று நிற்பது 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயம். கோயில் இடம் மாறியும் கார்த்திகை விளக்கு நின்றுவிடவில்லை.

அதே போர்ச்சுகீசியர்கள்தான் மிளகாயையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுச் சமையல் மிளகாயை வரவேற்றது. கோயில் மடைப்பள்ளி மிளகை விடவில்லை. கார்த்திகைப் பண்டங்களில் இந்தப் பழைய காரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மிளகு, சுக்கு, ஏலம் என்று உடம்புக்குச் சூடு தருவதாக நம் வீடுகளில் நம்பப்படுபவை எல்லாம் அன்றைய இலையில் உண்டு.

அதற்குக் காரணமும் இருக்கிறது. சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். கார்த்திகையில் சுவர் ஈரம் காயாது, கடற்காற்று சில்லென்று அடிக்கும். அன்று பலரும் பகல் முழுக்க விரதம் இருந்து, விளக்கேற்றிய பிறகே வாய் நனைப்பார்கள். குளிர்ந்த மாலையில் வெறும் வயிற்றுக்கு முதலில் போவது வெல்லமும் சுக்கும் கலந்த பொரி. அடுத்து அப்பம். பிறகு அரிசியும் துவரையும் கடலையும் ஊறவைத்து, கரகரப்பாக அரைத்துத் தடிமனாக வார்த்த அடை. நடுவில் ஒரு துளையிட்டு அதில் எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாக எடுத்து, வெல்லமும் வெண்ணெயும் தொட்டுச் சாப்பிடுவது மயிலாப்பூர் வீடுகளின் வழக்கம்.

பொரி உருண்டைதான் கைத்திறனுக்குச் சோதனை. நெல் பொரி என்பது உமியோடு உள்ள நெல்லை, கொதிக்கும் மணலில் போட்டுப் பொரிப்பது. நெல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி உமியைப் பிளந்துகொண்டு வெள்ளைப் பூவாக விரிகிறது. ஒட்டிய உமியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முதல் நாள் வேலை. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். பாகு நுரைத்து வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் உருண்டை பிசுபிசுத்து உதிரும். பிந்தினால் பல் உடையும். சுக்குப்பொடி, ஏலப்பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்துப் பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் பிடிபடாது. உள்ளங்கை சிவக்காமல் பொரி உருண்டை பிடித்தவர் இல்லை.

குளிரில் நெருப்பு மூட்டும் மற்ற ஊர்களும், நெருப்போடு உடம்புக்குச் சூடு தரும் பண்டமும் வேண்டும் என்ற இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. பஞ்சாபில் ஜனவரி மாத லோஹ்ரி இரவில் தீயைச் சுற்றி நின்று பொரித்த சோளமும் வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் கலந்த மிட்டாயும் தின்கிறார்கள், தீக்கும் ஒரு பிடி போடுகிறார்கள். இங்கிலாந்தில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் 1605-ஆம் ஆண்டுச் சதி முறியடிக்கப்பட்டதை நினைத்து நவம்பர் 5 இரவு தீ மூட்டி வாணம் விடுகிறார்கள். அந்நாட்டின் வடபகுதியில் அன்றைக்கு ‘பார்கின்’ என்ற கேக் உண்டு. ஓட்ஸ் மாவு, கரும்புப் பாகு, இஞ்சிப் பொடி சேர்த்துச் செய்வது. தானியம், பாகு, இஞ்சி: மயிலாப்பூர் வாணலியில் இருப்பதும் இவையே.

வாணவேடிக்கைக்கும் கார்த்திகையில் ஒரு பழைய வடிவம் இருந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது 1920-களில். பட்டாசுத் தொழில் அதற்குப் பிறகு வளர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே கிராமத்துப் பிள்ளைகள் மாவளி சுற்றினார்கள். ஆண் பனையில் வரும் பூம்பாளைகளைக் காயவைத்து, குழியில் எரித்து, முழுதும் சாம்பலாகிவிடாமல் மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை இடித்துப் பொடியாக்கி, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுகக் கட்டுவார்கள். பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே அதை வைத்து, கயிற்றில் பிணைத்து, நுனியில் ஒரு தணலை இட்டுத் தலைக்கு மேலே சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சொரியும். வெடிமருந்தும் வேண்டாம், கந்தக நெடியும் இல்லை.

தெற்கே பனை சாப்பாட்டு இலைக்கும் வந்துவிடுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களில் கார்த்திகை என்றால் ஓலைக் கொழுக்கட்டை. வறுத்த பச்சரிசி மாவில் கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சுக்கு, வறுத்த பாசிப்பயறு சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலைக்குள் நீளவாக்கில் அடைத்துக் கட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். கட்டை அவிழ்க்கும்போது கருப்பட்டி வாசத்தோடு பச்சோலை வாசமும் எழும். எரிவது பனையின் உடலும் காய்ந்த ஓலையும். சுழல்வது அதன் பூ. உண்பது அதன் குருத்தோலையில் வெந்த, அதன் சாறு கலந்த மாவு. ஒரே மரம் ஓர் இரவின் விளக்கையும் விளையாட்டையும் விருந்தையும் தந்திருக்கிறது.

சென்னையில் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. பொரி கிடைக்கிறது, அகல் கிடைக்கிறது. மாவளியைக் கண்ணால் கண்ட குழந்தைகள் மிகக் குறைவு. கார்த்திகை இரவில் வெடிப்பதெல்லாம் தீபாவளியில் மீந்த பட்டாசு. ஓலைக் கொழுக்கட்டையைத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் குருத்தோலை கிடைத்தால் செய்கின்றன, கிடைக்காதபோது விட்டுவிடுகின்றன. மயிலாப்பூர், சாந்தோம் வீடுகளும் இதைச் செய்யத் தொடங்க வேண்டும். ஏனென்றால் சொக்கப்பனைக்கு வெட்டும் மரத்துக்கு ஈடாக யாராவது பனை வளர்த்தே ஆக வேண்டும், வாங்குவோர் இருந்தால்தான் வளர்ப்போர் இருப்பார்கள்.

நல்ல அறிகுறிகளும் தெரிகின்றன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பனை ஆர்வலர்கள் பல ஊர்களில் ஏரிக்கரைகளில் விதை ஊன்றுகிறார்கள், மாவளி செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். விதை ஊன்ற ஏற்ற காலமும் இந்த மழைக்காலமே. பனை பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள்வரை ஆகும். பூக்கும்வரை ஆண் மரமா பெண் மரமா என்று தெரியாது. ஆகவே ஒன்றிரண்டு நட்டால் போதாது, வரிசையாக நட வேண்டும். இந்தக் கார்த்திகையில் ஊன்றும் விதை ஆண் பனையாக வளர்ந்தால், அதன் பாளையில் செய்த மாவளியை இன்னும் பிறக்காத பிள்ளைகள் சுற்றுவார்கள்.