இரண்டு அவுன்ஸ் தேயிலை

1940-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் உப்பிட்ட பன்றியிறைச்சிக்கும் பங்கீடு விதித்த பிரிட்டிஷ் சர்க்கார், அவ்வருஷம் ஜூலையிலேயே, அந்நாட்டு ஜனங்களுக்குப் பிராணனுக்கு நிகரான தேயிலையின்மீதும் கை வைத்து, ஆளுக்கு வாரத்திற்கு இரண்டு அவுன்ஸ் என்று நிர்ணயித்தபோது, இலங்கை மலைச்சரிவுகளில் நம்மவர் கிள்ளிய கொழுந்து லண்டன் அடுக்களைகளில் கரண்டிக் கணக்காகிவிட்டது. அதே மாதத்தில், ஆகாய விமானங்கள் செய்வதற்கென்று விமான உற்பத்தி மந்திரி பீவர்புரூக் பிரபு வேண்டியதும், குடும்ப ஸ்திரீகள் தங்கள் அலுமினியப் பாத்திரங்களை மனமுவந்து கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றுள் எத்தனை உண்மையில் வானேறின என்பது வேறு விஷயம். விசித்திரம் யாதெனில், யுத்தகாலம் முழுவதும் பங்கீடின்றிக் கிடைத்துவந்த ரொட்டிக்கு, வெற்றி கிட்டிய மறுவருஷமான 1946-இல்தான் கட்டுப்பாடு வந்தது. இறைச்சிப் பங்கீடு ஒழிவதற்கோ 1954 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது.