ஃப்யூஸ் கட்டையிலிருந்து எம்.சி.பி. வரை

சென்ற கோடையில் எங்கள் வீட்டில் ஏ.சி.யைப் போட்டாலே மின்பெட்டியிலுள்ள எம்.சி.பி. விழுந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "பதினாறை எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டுடலாம் சார், அப்புறம் விழாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதன்பின் விழாது. சுவருக்குள் கம்பி எரியத் தொடங்கினாலும் விழாது.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. பழைய வீட்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள்தாம். ஃப்யூஸ் போகும்போதெல்லாம் அப்பா செம்பு இழைகள் மூன்றை ஒன்றாக முறுக்கிக் கட்டுவார். "இனிமே போகாது" என்பார் பெருமையுடன். ஒரு மழைநாள் இரவில் கருகிய வாடை வந்து விழித்தோம். ஃப்யூஸ் அப்படியே இருந்தது. சுவிட்சுப் பலகையின் பின்புறம் கரியாகியிருந்தது.

ஃப்யூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட ஒரு கண்ணி. 1847லேயே பிரெஞ்சுக்காரரான லூயி பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியை இடையில் வைக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். வீட்டு மின்சாரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் எடிசன். நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882இல் ஒளிதரத் தொடங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1880இல், அவர் ஃப்யூஸுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். உருகிய உலோகத் துளிகள் கம்பளத்திலும் மரச்சாமான்களிலும் விழக்கூடாது என்பதற்காகக் கம்பியை உறைக்குள் இடவேண்டும் என்று அந்த ஆவணத்தில் குறிப்பிட்டிருக்கிறார். விளக்கு எரிவதற்கு முன்னரே வீடு எரிவதைப் பற்றி யோசித்த மனம் அது.

ஆனால் ஃப்யூஸை மீண்டும் கட்டும் வேலை மனிதன் கையில் விடப்பட்டிருந்தது. அமெரிக்கர்கள் ஃப்யூஸ் குழிக்குள் செப்புக்காசை வைத்தார்கள். அப்பா மூன்றிழை முறுக்கினார். இருள் உடனடித் தொல்லை, தீயோ என்றோ வரக்கூடியது. மனிதன் எப்போதும் உடனடித் தொல்லையைத்தான் முதலில் தீர்ப்பான்.

இந்தக் கையை விலக்கியவர்கள் ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த ஹூகோ ஸ்டோட்ஸும் அவருடைய பொறியாளர் ஹைன்ரிச் ஷாஹ்ட்னரும். 1924இல் காப்புரிமை பெற்ற அவர்களது கருவியில் இரண்டு காவலர்கள் இருந்தனர். ஒன்று, சமமற்று விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை. சுமை அளவுக்கு மிஞ்சினால் மெல்லச் சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். மற்றொன்று மின்காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கணத்தில் இழுத்துவிடும். இன்றைய எம்.சி.பி.யின் உள்ளேயும் இவ்விருவரே இருக்கிறார்கள். குமிழைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே அது விழுந்துவிடும். எத்தனை இழை முறுக்குவது என்ற கேள்விக்கே இடமில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு தேர்வு, எந்த எண்ணை வாங்குவது என்பது. அங்கேதான் அப்பாவின் கை மீண்டும் நுழைகிறது. அந்த எண் ஏ.சி.க்கானது என்று நினைக்கிறோம். உண்மையில் அது சுவருக்குள் ஓடும் கம்பிக்கானது. விளக்கு, மின்விசிறிக்கான 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5க்கு 16, ஏறத்தாழ இதுதான் வீடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தும் உண்டு. பி வகை, குறித்த அளவைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் பன்மடங்கு எகிறும். எங்கள் பெட்டியில் இருந்தது பி16. சிக்கல் எழுத்தில் இருந்தது, எண்ணில் அல்ல.

இன்னொன்றும் உண்டு. எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அல்ல. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும், 16 ஆம்பியர் காவலன் அதைக் கவனிக்கவே மாட்டான். அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களைக் காக்க முயன்றதில் இவ்வகைக் கருவியின் தொடக்ககால வரலாறு இருக்கிறது.

கம்பியின் அளவைப் பார்க்கச் சொன்னேன். 2.5 இருந்தது. சி16 மாட்டினோம், கூடவே ஓர் ஆர்.சி.சி.பி.யும். எலக்ட்ரீஷியன் கிளம்பும்போது, "இனிமே விழாதுல்ல?" என்று மனைவி கேட்டாள். "விழவேண்டியபோது விழும்" என்றேன். அப்பாவிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.