வானூர்தி எரிபொருள்

வானூர்தி எரிபொருள் என்பது வானூர்திப் பொறிகளை இயக்கப் பயன்படும் எரிபொருள்களின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் முதன்மையானவை இரண்டு: பிஸ்டன் பொறிகளுக்கான வானூர்திப் பெட்ரோல், ஜெட் பொறிகளுக்கும் டர்போபிராப் பொறிகளுக்கும் உரிய, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள். உறைநிலை, தீப்பற்று வெப்பநிலை, தூய்மை ஆகியவை கடுமையான தரநிலைகளுக்கு உட்பட்டவை.

வகைகள்

வானூர்திப் பெட்ரோல்

சிறிய பயிற்சி வானூர்திகள் பெரும்பாலும் இதில் இயங்குகின்றன. பரவலான வகை 'அவ்காஸ் 100எல்எல்' ஆகும். அடையாளத்திற்காக இதற்கு நீல நிறம் ஊட்டப்படுகின்றது. ஆக்டேன் அளவை உயர்த்த டெட்ராஎத்தில் ஈயம் சேர்க்கப்படுகின்றது. ஈயம் நச்சுத்தன்மை உடையதால் மாற்று எரிபொருள்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

ஜெட் எரிபொருள்

* ஜெட் ஏ: ஐக்கிய அமெரிக்காவில் பயன்படுவது. உறைநிலை −40 பாகை செல்சியஸ்.
* ஜெட் ஏ-1: உலகின் பெரும்பாலான நாடுகளில் பயன்படுவது. உறைநிலை −47 பாகை. இந்தியாவில் 'ஏ.டி.எஃப்' எனவும் அழைக்கப்படுகின்றது.
* ஜெட் பி: நாப்தாவும் மண்ணெண்ணெயும் கலந்தது. கடுங்குளிர்ப் பகுதிகளுக்கு ஏற்றது. எளிதில் தீப்பற்றுவதால் அரிதாகவே பயன்படுகின்றது.
* ஜேபி-8, ஜேபி-5: படைத்துறை வகைகள். விமானந்தாங்கிக் கப்பல்களில் தீ ஆபத்தைக் குறைக்க, ஜேபி-5 இன் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 60 பாகையாக இருத்தல் வேண்டும். ஜெட் ஏ-1 க்கு இது 38 பாகை ஆகும்.

பயன்பாடும் பாதுகாப்பும்

எரிபொருள் பெரும்பாலும் இறக்கைகளுக்குள் உள்ள கலன்களில் சேமிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை −56 பாகை வரை குறைவதால், நீண்ட பயணங்களில் எரிபொருளும் குளிர்ந்துவிடுகின்றது. எனவே உறைநிலை இன்றியமையாதது.

எரிபொருள் உறையாவிடினும் அதில் கலந்துள்ள சிறிதளவு நீர் உறையக்கூடும். 2008 சனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து இலண்டன் ஹீத்ரோ வந்த போயிங் 777 வானூர்தியில், இவ்வாறு உருவான பனிக்கட்டி எரிபொருள் வெப்பமாற்றியை அடைத்தது. இரு பொறிகளிலும் உந்துவிசை குறைந்து, வானூர்தி ஓடுபாதைக்கு முன்பாகவே தரையிறங்கியது. எவரும் உயிரிழக்கவில்லை. பின்னர் வெப்பமாற்றியின் வடிவமைப்பு மாற்றப்பட்டது.

பெட்ரோல் பொறியில் தவறுதலாக ஜெட் எரிபொருளை நிரப்புவது மிகவும் ஆபத்தானது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவு. ஆதலால் அது உருளைக்குள் சீராக எரியாமல் வெடித்தெரிந்து பிஸ்டன்களைச் சேதப்படுத்தும். குழாயில் எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை பொறி இயல்பாக இயங்குவதால், தவறு வானில் எழுந்த பின்னரே தெரியவரக்கூடும். இதைத் தவிர்க்க, ஜெட் எரிபொருள் குழாயின் முனை பெட்ரோல் கலனின் வாயில் நுழையாதவாறு அகலமாக அமைக்கப்படுகின்றது.

எரிபொருளின் கனவளவு வெப்பநிலைக்கேற்ப மாறுவதால், பயணத்திற்குத் தேவையான அளவு நிறையாகவே கணக்கிடப்படுகின்றது. 1983 சூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றிற்கு 22,300 கிலோகிராம் தேவைப்பட்டது. கிலோகிராமிற்குப் பதிலாகப் பவுண்டில் கணக்கிட்டதால் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. நடுவானில் எரிபொருள் தீர்ந்தபின், விமானிகள் கிம்லி என்னுமிடத்தில் வானூர்தியை மிதவைப் பறப்பாகத் தரையிறக்கினர்.

மாற்று எரிபொருள்கள்

தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் முதலியவற்றிலிருந்து பெறப்படும் எரிபொருள்களை ஜெட் எரிபொருளுடன் கலந்து பயன்படுத்தலாம். 2018 ஆகத்து 27 அன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பெற்ற எரிபொருள் கலந்த வானூர்தி ஒன்று டேராடூனிலிருந்து தில்லிக்குப் பறந்தது. இதுவே இந்தியாவின் முதல் உயிரி எரிபொருள் பறப்பு ஆகும்.